ஹீட்டரில் குளிர்ந்த காற்று மட்டும் வந்தால், முதலில் இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: கார் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தாலும் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. காற்றின் வேகத்தில் குறையில்லை, ஏசியும் நன்றாக இருக்கிறது. ஒர்க் ஷாப்பில் "ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்டை மொத்தமாகக் கழற்றி மாற்ற வேண்டும்" என்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?

இப்போதைக்குச் சொல்லாதீர்கள். கோர் போயிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது போய்விட்டது என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கையால் தொட்டுப் பார்த்தார்களா? அதைச் செய்யாமல் டேஷ்போர்டைக் கழற்றச் சொல்வது, நாடி பிடிக்காமலே வயிற்றைக் கிழிக்கச் சொல்வது போலத்தான். பல கார்களில் டேஷ்போர்டைக் கழற்றி மாட்டுவது ஒரு முழு நாள் வேலை. கழற்றிய பிறகு பழையபடி சத்தமில்லாமல் உட்காருமா என்பது வேறு கவலை.

முதலில், இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டர் தானாக எதையும் சூடாக்குவதில்லை. எரிபொருளில் உள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாக வெளியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி, என்ஜினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்ற திரவத்தில் இறங்குகிறது. என்ஜின் சூடேறி முடிந்ததும் இந்தக் கூலன்ட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் விடுகிறார்கள். அதுதான் ஹீட்டர் கோர். ப்ளோயர் ஊதும் காற்று அதன் மேல் பட்டுச் சூடாகி உள்ளே வருகிறது. இந்தக் காற்று கோர் வழியாகப் போக வேண்டுமா, கோரைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டுமா என்று தீர்மானிக்க உள்ளே ஒரு மடல் இருக்கிறது. ப்ளெண்ட் டோர் என்பார்கள். நீங்கள் சூட்டைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் பெரும்பாலான கார்களில் அசைவது இந்த மடல்தான், தண்ணீர் இல்லை.

ஆக, ஒன்று சுடுதண்ணீர் கோருக்கு வரவில்லை, அல்லது வந்தும் காற்று அதன் மேல் படவில்லை. இந்த இரண்டில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

காற்று வேகமாக வருகிறது என்றீர்களே, அதனால் ப்ளோயர், அதன் ஃப்யூஸ், ரெசிஸ்டர் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். ஏசி நன்றாக இருப்பதை மட்டும் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மடல் குளிர் பக்கத்திலேயே சிக்கி நின்றுவிட்டாலும் ஏசி பிரமாதமாகத்தான் இருக்கும்.

கூலன்ட் அளவிலிருந்து தொடங்குங்கள். இதற்கு என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு பார்ப்பது உத்தமம். ரிசர்வாயர் டேங்கில் இரண்டு கோடு இருக்கும், அளவு அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டும். ஆனால் அந்த டேங்கை மட்டும் நம்ப முடியாது. ரேடியேட்டருக்குத் தனி மூடி உள்ள கார்களில், மூடியின் ரப்பர் கெட்டாலோ டேங்குக்குப் போகும் சின்னக் குழாய் வெடித்தாலோ, டேங்கில் தண்ணீர் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காய்ந்து கிடக்கும். உங்கள் காரில் அப்படித் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். கழுத்து வரை கூலன்ட் தெரிய வேண்டும்.

சூடான என்ஜினில் அந்த மூடியைத் தொடவே கூடாது. துணியைப் போட்டு மெதுவாகத் திருகினால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். உள்ளே சுமார் ஒரு பார் கூடுதல் அழுத்தம் இருப்பதால்தான், பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 130 டிகிரி அருகில் வரை கொதிக்காமல் தாங்குகிறது. மூடி திறந்த நொடியில் அந்த அழுத்தம் போய்விடும், கொதிக்கும் கூலன்டும் நீராவியும் முகத்தில் அடிக்கும்.

கூலன்ட் குறைந்தால் முதலில் ஏன் ஹீட்டர் மட்டும் படுக்கிறது? கோர் பெரும்பாலும் சுற்றின் உயரமான இடங்களில் ஒன்றில் இருக்கிறது, அதுவும் ஒரு பக்கக் கிளையில். உள்ளே காற்று புகுந்தால் அது மேலே ஏறி அங்கேதான் போய் உட்காரும். என்ஜினுக்கு வேண்டிய தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் டெம்பரேச்சர் மீட்டரில் ஒன்றும் தெரியாது. ஹீட்டர் மட்டும் சில்லென்று ஊதும். காரை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் 'களக் களக்' என்று, பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம், காற்றுதான்.

இங்கேயே ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன், கீழே போய் மறந்துவிடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீட்டர் திடீரென்று குளிர்ந்து, அதே சமயம் டெம்பரேச்சர் மீட்டர் மேலே ஏறினால், உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டாதீர்கள். கூலன்ட் மொத்தமாக வெளியேறிவிட்டது, அல்லது வாட்டர் பம்ப் நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்தக் கொஞ்ச தூரத்தில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். இன்னொன்று, கூலன்ட் கசிந்து போனபின் சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் ஆவிதான் இருக்கும் என்பதால் மீட்டர் சில நேரம் பொய்யும் சொல்லும். ஹீட்டர் குளிர்ந்ததையே சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்திருந்தால் நிரப்பலாம். ஆனால் நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சேர்க்கும் சாயம், அதற்குப் பொது விதி கிடையாது. காரின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒத்துவராத இரண்டு வகைகள் கலந்தால் சில நேரம் கூழ் போலத் திரிந்து, முதல் வேலையாகக் கோரின் மெல்லிய குழாய்களைத்தான் அடைக்கும். கலக்கும் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரின் உப்பும் அங்கேதான் படியும். கீழே சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கும் விஷம் அது.

நிரப்பினால் மட்டும் போதாது, உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, ஓட்டிப் பார்த்து, "கூலன்ட் பிரச்சினை இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காரின் முன்பக்கம் கொஞ்சம் மேடாக இருக்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரைக் குறைந்த வேகத்திலும் வையுங்கள். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் நேரத்தில் அளவு சட்டென்று இறங்கும், பெரிய பெரிய குமிழிகளாக வரும். சில என்ஜின்களில் காற்று எடுப்பதற்கென்றே உயரமான இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தினால் முதலில் 'புஸ்' என்று காற்று வரும், அப்புறம் விட்டு விட்டுக் கூலன்ட் வரும், இடைவெளி இல்லாமல் வரத் தொடங்கியதும் இறுக்கிவிட வேண்டும். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ஆறியபின் மறுபடியும் அளவு பாருங்கள். சில புதிய கார்களில் சிக்கலான குழாய் அமைப்பு இருக்கிறது, வாக்குவம் கருவி வைத்து நிரப்பினால்தான் காற்று முழுசாகப் போகும். அப்படிப்பட்ட காரில் வீட்டில் மல்லுக்கட்டுவது வீண்.

நிரப்பிய பிறகு ஹீட்டர் சூடாகிவிட்டதா? சந்தோஷம், ஆனால் தண்ணீர் எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை. நல்ல நிலையில் உள்ள கார் கூலன்டைக் குடிக்காது. முன் சீட்டுக் கார்ப்பெட்டுக்குக் கீழே ஈரமாக இருக்கிறதா, காருக்குள் இனிப்பான ஒரு வாடை வருகிறதா, முன் கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பாகப் படலம் கட்டுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் கோர் ஒழுகுவதற்கான அடையாளங்கள். அப்படி இருந்தால் ஒர்க் ஷாப்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் ஹோஸ் முனைகள், வாட்டர் பம்புக்கு அடியில் உள்ள சின்னத் துளை, ரேடியேட்டரின் ஓரங்கள் என்று தேட வேண்டும்.

கூலன்ட் சரியாக இருந்தால் அடுத்தது மீட்டர். இருபது நிமிடம் ஓட்டியும் முள் வழக்கமான இடத்துக்கு வராமல் கீழேயே தங்குகிறதா? நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஓரளவு சூடு வந்து, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் குளிர்ந்துவிடுகிறதா? தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது. என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைப்பது அதன் வேலை. கார்களைப் பொறுத்து 82 முதல் 95 டிகிரிக்குள் எங்காவது திறக்கத் தொடங்கும். அது மூடாவிட்டால் தண்ணீர் சூடாக நேரமே கிடைக்காமல் ரேடியேட்டரில் ஆறிக்கொண்டே இருக்கும். சோதிப்பது சுலபம். காலையில் ஸ்டார்ட் செய்து, என்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பகுதிக்குப் போகும் தடித்த ஹோஸில் கை வையுங்கள். முதல் சில நிமிடங்கள் அது சில்லென்று இருந்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் குபீரென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே என்ஜினோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. எல்லாக் கார்களிலும் அது ஒரே இடத்தில் இருப்பதில்லை, ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பக்கம் வைத்திருப்பவர்களும் உண்டு. அப்போது இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாகப் பேசாது.

இன்றைய கார்களின் மீட்டரை முழுக்க நம்பாதீர்கள். ஓட்டுபவர் பதறக் கூடாது என்று, கூலன்ட் ஓரளவு சூடானதிலிருந்து கொதிக்கப் போகும் வரைக்கும் முள்ளை நடுவிலேயே நிறுத்தி வைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். காரின் கணினியில் உள்ளதைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனரைச் சொருகினால் கூலன்டின் உண்மையான வெப்பநிலையை எண்ணாகவே பார்க்கலாம். பி0128 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தால், கூலன்ட் எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை என்று காரே சொல்கிறது. அநேகமாகத் தெர்மோஸ்டாட்தான்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஜின் அதிகம் சூடாகிறது என்று சொன்னால், காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் தரும் பழக்கம் இது. ஹீட்டர் கெடுவதோடு போகாது. என்ஜின் எப்போதும் பாதிச் சூட்டில் ஓடி, எரிபொருளை அதிகம் தின்று, சீக்கிரம் தேய்ந்தும் போகும். திறந்து பார்த்தால் வெறும் கூடு இருக்கும்.

இனி இரண்டு ஹோஸ் விஷயம். என்ஜினை ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். பானெட்டைத் திறந்து, என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவரைப் பாருங்கள். கட்டைவிரல் தடிமனில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் பக்கம் பக்கமாக அந்தச் சுவருக்குள் நுழையும். ஒன்று போக, ஒன்று வர. பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே தொங்கும் சட்டைக் கையையோ துப்பட்டாவையோ கொண்டு போகாதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும். புறங்கையால் ஒரு கணம் தொட்டு எடுங்கள், அல்லது மெல்லிய துணி வழியாகப் பிடியுங்கள்.

இரண்டுமே வைத்த கையை எடுக்கும் அளவுக்குச் சுடுகின்றனவா? அப்படியானால் சுடுதண்ணீர் கோருக்குள் போய்த் திரும்பியும் வருகிறது. தண்ணீர் பக்கம் பழுதில்லை, கோர் குற்றவாளியே இல்லை. காற்று அதன் மேல் படவில்லை, மடலைப் பார்க்க வேண்டும். ஒன்று சுட்டு, மற்றது வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது நடுவில் வால்வு இருந்தால் அது மூடியிருக்கிறது. இரண்டுமே சூடில்லை என்றால் தண்ணீர் அந்தப் பக்கம் வரவே இல்லை. காற்று அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட் என்று மறுபடி பின்னால் போக வேண்டும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. அதைக் கறுப்பு ரப்பரின் மேல் காட்டுங்கள். பளபளப்பான உலோகத்தில் காட்டினால் தவறாகக் குறைத்துச் சொல்லும். திரும்பும் ஹோஸ் கொஞ்சம் ஆறியிருப்பது இயல்பு, காற்று அந்தச் சூட்டைத்தானே வாங்கிக்கொண்டு வருகிறது. பத்து டிகிரி வித்தியாசத்துக்கு நான் கவலைப்பட மாட்டேன். முப்பது, நாற்பது என்றால் உள்ளே தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது.

வால்வு எல்லாக் கார்களிலும் இல்லை. இருந்தால் அந்த ஹோஸ்களில் ஒன்றின் நடுவில், கேபிளோ மெல்லிய வாக்குவம் குழாயோ வயரோ சேர்ந்த ஒரு சின்ன உறுப்பாக உட்கார்ந்திருக்கும். ஒருவரை உள்ளே உட்கார வைத்துச் சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சொல்லுங்கள், அது அசைகிறதா என்று நீங்கள் பாருங்கள். கேபிள் கழன்றிருக்கும், குழாய் வெடித்திருக்கும். வால்வுக்கு முன்னால் சூடு, பின்னால் குளிர் என்றால் அதை மாற்றினால் முடிந்தது.

கோர் அடைத்திருக்கிறது என்றாலும் உடனே மாற்ற வேண்டியதில்லை, கழுவிப் பார்க்கலாம். என்ஜின் ஆறியபின் சுவர் அருகே இரண்டு ஹோஸையும் கழற்ற வேண்டும். இதில்தான் நிறையப் பேர் சின்ன வேலையைப் பெரிய வேலையாக்கிக்கொள்கிறார்கள். பல வருடம் சூட்டில் கிடந்த ரப்பர், கோரின் குழாய் முனையோடு ஒட்டிப்போயிருக்கும். பலம் போட்டு இழுத்தால் அந்த மெல்லிய முனை நசுங்கும் அல்லது உள்ளே அடியோடு பெயரும். அப்புறம் டேஷ்போர்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் உங்கள் புண்ணியத்தில். க்ளிப்பைத் தளர்த்தி, ஹோஸை இழுக்காமல் முதலில் இடவலமாகத் திருகிப் பாருங்கள். அசையவில்லையா, ஹோஸ் முனையைப் பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டை போல உரித்து எடுங்கள். ஹோஸ் போனால் புதிது வாங்கலாம்.

தண்ணீர் வெளியே வரும் முனை வழியாக, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் தண்ணீர் விடுங்கள். படிந்த கசடு போன வழியே திரும்பி வரும். குழாயை முழுசாகத் திறக்காதீர்கள். இப்போதைய கோர்கள் மெல்லிய அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தவை, ஒரு பார் அளவு அழுத்தத்துக்குப் பழகியவை. குழாய்த் தண்ணீரின் அழுத்தம் அதைத் தாண்டக்கூடும், கம்ப்ரெஸர் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மறுமுனையில் ஒரு வாளியைப் பிடித்தால் முதலில் துருநிறத்தில் கலங்கலாக வரும், சில சமயம் மணல் போன்ற துகள்கள் வரும். திசையை மாற்றி மாற்றி, தெளிவாகவும் தாராளமாகவும் வரும் வரை விடுங்கள். ஆசிட் ஊற்றச் சொன்னால் வேண்டாம், அலுமினியத்தை அது தின்றுவிடும். துகள்கள் பிசின் போல இருந்தால் யாரோ எப்போதோ ரேடியேட்டர் ஒழுகலை நிறுத்தும் மருந்தைக் கொட்டியிருக்கலாம். அந்த மருந்துக்கு ரேடியேட்டரின் ஓட்டையும் தெரியாது, கோரின் குழாயும் தெரியாது, குறுகலான இடம் எதுவோ அதை அடைக்கும்.

இரண்டு ஹோஸும் சுட்டவர்களிடம் வருகிறேன். மடலை அசைப்பது பெரும்பாலும் ஆக்சுவேட்டர் என்ற, உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் மோட்டார். இக்னிஷனைப் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ப்ளோயரையும் அணைத்துவிட்டு, சூட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பிக்கொண்டே டேஷ்போர்டின் அடியில் காதை வையுங்கள். சில கார்களில் ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் விட்டால்தான் இது வேலை செய்யும். மெல்லிய 'ர்ர்ர்' சத்தம் வந்து நின்றால் மோட்டார் ஓடுகிறது. 'டிக் டிக் டிக்' என்று கடிகாரம் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே பல்சக்கரத்தின் பல் போயிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் கனெக்டர், வயர், அல்லது மோட்டாரே.

இதில் எனக்கு ஒரு அவமானம் உண்டு. ஒருமுறை என் சொந்தக் காரிலேயே, இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோரைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது, காற்று மட்டும் சூடாகவில்லை. ஹோஸ் இரண்டும் சுட்டதை முதல் நாளே பார்த்தவன்தான், ஆனாலும் "லேசாக அடைத்திருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் போன் வெளிச்சத்தில், ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே தலையைத் திணித்துப் பார்த்தால், மோட்டார் ஒழுங்காகச் சுற்றுகிறது, அதையும் மடலையும் இணைக்கும் விரல் நீளப் பிளாஸ்டிக் கை மட்டும் குமிழிலிருந்து கழன்று அந்தரத்தில் ஆடுகிறது. விரலால் அழுத்தினேன், 'டப்' என்று உட்கார்ந்தது. ஐந்து நிமிடத்தில் சூடான காற்று. யாரிடமும் பல நாள் சொல்லவில்லை.

ஆக்சுவேட்டரைக் கழற்றினால் மடலின் அச்சை விரலாலோ ப்ளையராலோ மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம். திருப்பியதும் சூடு வந்தால் மோட்டார்தான் பழுது. அச்சு எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் மடல் உள்ளே உடைந்திருக்கிறது, அது கொஞ்சம் கெட்ட செய்தி. புது ஆக்சுவேட்டர் மாட்டிய பின் பல கார்களில் இரண்டு கோடிகளையும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சிலவற்றில் பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினாலே தானாகக் கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். ஓட்டுநர் பக்கம் குளிர், பக்கத்து சீட்டுக்குச் சூடு என்றால், இரு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் கார்களில் ஒரு பக்க மடலைச் சந்தேகப்படுங்கள். அந்த வசதியே இல்லாத காரில் இப்படி வந்தால் கோர் பாதி அடைத்திருக்கும்.

ஐட்லிங்கில் குளிர்ந்து, ரேஸ் கொடுத்தால் சூடாகிறது என்றால் மறுபடி கூலன்ட் அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் வாட்டர் பம்பின் உள்சக்கரம் அரித்துப்போயோ அச்சில் வழுக்கியோ இருக்கலாம். ஹைபிரிட் கார்களில் என்ஜின் நிற்கும்போது ஹீட்டருக்குத் தண்ணீர் தள்ள ஒரு தனி மின்பம்ப் இருக்கும். அது போனால் சிக்னலில் நிற்கும்போது மட்டும் காற்று ஆறும்.

நான்கு முறை காற்றை எடுத்தும் நான்கு நாளில் மறுபடி குளிர்ந்துவிடுகிறதா? அப்போதுதான் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) நினைக்க வேண்டும். சிலிண்டரில் எரியும் வாயு கூலன்டுக்குள் கசிந்து, நீங்கள் வெளியேற்ற வெளியேற்ற உள்ளே புதுக் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, டேங்கில் ஓயாத குமிழி எல்லாம் அதன் அறிகுறிகள். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் ஒன்று இருக்கிறது, வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். சில நிமிட வேலை, பெரிய செலவுக்கு முன் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

மின்சாரக் காருக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அதில் சூடு தரும் என்ஜினே இல்லை. உயர் மின்னழுத்த ஹீட்டரோ ஹீட் பம்போ இருக்கும், வீட்டில் கை வைக்கக் கூடாத இடம். டீசல் கார் என்றால் பொறுமையும் தேவை. சும்மா ஐட்லிங்கில் நிறுத்தி வைத்தால் சூடேற வெகு நேரமாகும், ஓட்டித்தான் சூடேற்ற வேண்டும். பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டு ஹீட்டர் கெட்டுவிட்டது என்று வந்தவர்கள் உண்டு.

உங்கள் ஒர்க் ஷாப்பில் "ரெண்டு ஹோஸும் எப்படி இருந்தது? கழுவிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். ஒன்று சுட்டது, ஒன்று குளிர்ந்தது, கழுவியும் தண்ணீர் போகவில்லை என்றாலோ, கார்ப்பெட்டைத் தூக்கி ஈரத்தைக் காட்டினாலோ மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றுவதானால் கூலன்டையும், அந்த இரண்டு ஹோஸையும், கை எட்டும் தூரத்தில் உள்ள ஆக்சுவேட்டர்களையும் அதே கையோடு பார்த்துவிடச் சொல்லுங்கள். டேஷ்போர்டை இரண்டாவது முறை கழற்ற யாருக்கும் ஆசை இருக்காது.

கோர் ஒழுகுகிறது, மாற்ற நாளாகும் என்றால் அதுவரை இரண்டு ஹோஸையும் கோரிலிருந்து கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடு ஒன்று இணைத்து, க்ளிப் போட்டு ஓட்டலாம். தனித்தனியாக அடைத்துவிடாதீர்கள். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றி வர அந்த வழிதான் இருக்கிறது. இணைத்த பிறகு மேலே சொன்னபடி காற்றை எடுத்துவிடுங்கள். சூடு வராது, என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடியில் மூட்டம் போட்டால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடுவதால் குளிரிலும் ஓரளவு தெளியும். வெளியே உறைபனி அளவுக்குக் குளிர்ந்தால் ஏசி வேலை செய்யாது, அன்றைக்குக் காரை எடுக்காதீர்கள்.